நாற்பத்தேழு நாள் பழைய பட்டியல்

நான் இரண்டு விரலால்தான் டைப் அடிப்பேன், ஆனால் பிழை வராது. ரெஜிஸ்டர் ஆபீசில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்தவனின் பழக்கம் அது. விஜயதாஸ் சார், நீங்கள் நம்முடைய சாந்த்வன சங்கத்தின், நோயாளிகளின் வலி தணிக்கும் சங்கத்தின், தலைவர். கமிட்டிக்காக நடந்ததை எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள், எழுதுகிறேன்.

பாறசாலைக்கும் தமிழ்நாட்டு எல்லைக்கும் இடையில் படுத்த படுக்கையாய்க் கிடக்கிற எழுபத்திரண்டு பேரை நம் நர்ஸ் வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கிறாள். யார் வீட்டுக்கு, என்றைக்கு, என்ன மருந்து என்பதெல்லாம் சங்க ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்தது. தடித்த நோட்டுப் புத்தகத்தை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் அதில் ஏற்றியவன் நான்தான். சனிக்கிழமைதோறும் பட்டியலை வெளி டிஸ்கில் நகலெடுப்பதும், எடுத்ததாக ஒரு சின்ன நோட்டில் கையெழுத்துப் போடுவதும் என் பொறுப்பு. கையெழுத்தை ஒரு வாரமும் விட்டதில்லை. நகலெடுப்பதைத்தான் விட்டிருந்தேன்.

ஐப்பசி இடியில் கம்ப்யூட்டர் கருகியது. நாலாம் நாள் புதுசு வந்தது. டிஸ்கைச் செருகிப் பார்த்தால் கடைசி நகல் நாற்பத்தேழு நாள் பழையது. அதைத்தான் ஏற்றினேன், அச்செடுத்து நர்ஸ் பிரசீதாவிடம் கொடுத்தேன். அவள் அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பழைய நர்ஸ் குவைத்துக்குப் போய்விட்டாள்.

முதல் நாளே பிரசீதா பையைத் தூக்கிக்கொண்டு கிருஷ்ணன்குட்டி வீட்டுக்குப் போனாள். அவர் செத்து இருபது நாளாகியிருந்தது. மகள் அனகா மாலை போட்ட படத்தைக் காட்டினாளாம். பட்டியலில் அவர் உயிரோடுதான் இருந்தார். என் கைப்பிழை என்று பிரசீதாவிடம் சொல்லிவிட்டு, அனகாவிடம் நானே போய் மன்னிப்புக் கேட்டேன். அன்று நான் பட்ட வெட்கத்துக்கு அளவில்லை.

உட்கார்ந்து திருத்தினேன். செத்தவர்கள் நாலு பேர். அவர்களைக் கண்டுபிடிப்பது எளிது, தெரு முக்கில் படத்தோடு அஞ்சலி ஃபிளெக்ஸ் வைத்திருப்பார்கள். இடையில் புதிதாகச் சேர்ந்தவர்களை ஞாபகத்திலிருந்துதான் எழுத வேண்டியிருந்தது. அவர்களுக்கு யாரும் ஃபிளெக்ஸ் வைப்பதில்லை. நாலு பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

மறுநாள் விலாசினி போன் செய்தாள். நோயாளிகளின் கார்டில் இருப்பது என் நம்பர்தான்.

"சாரே, புது சிஸ்டர் இந்த ஆழ்ச்ச வரல்லியே, வாரம் ஒண்ணாச்சு. அவருக்கு மருந்து தீரப்போவுதாக்கும்."

அவள் கணவர் பொன்னப்பன். மரமேறி. புற்றுநோய் எலும்பில் இறங்கி இடுப்புக்குக் கீழே அசைக்க முடியாமல் கிடந்தார். மார்ஃபின் மாத்திரை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. எனக்கு ஞாபகம் வராமல்போன ஐந்தாவது பெயர் அவருடையதுதான்.

"லிஸ்ட் பெருசாக்கும் விலாசினி. வருவாங்க," என்றேன்.

அந்தப் பெயரை அடிக்க என் இரண்டு விரலுக்கு அரை நிமிஷம் போதும். ஆனால் பிரசீதா கெட்டிக்காரி. இந்த ஆள் எப்போது சேர்ந்தார், ஏன் விட்டுப்போனார் என்று கேட்பாள். கிருஷ்ணன்குட்டி விஷயத்தோடு இதையும் சேர்த்துப் பார்த்தால் சின்ன நோட்டைக் கேட்பாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம் இருந்தது. ஒரு பெயர்கூட விட்டுப்போகாமல் பட்டியலை மீட்டதற்காக எனக்குப் பொன்னாடை போர்த்துவதாக நோட்டீசில் அச்சடித்திருந்தீர்கள். கூட்டம் முடியட்டும், திங்கட்கிழமை சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அது நியாயமாகத்தான் பட்டது.

பொன்னாடை போர்த்தினீர்கள். சபையில் எல்லாரும் கைதட்டினார்கள். திங்கட்கிழமை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோது, முந்தின வாரத்தைவிட இப்போது சொல்வது கஷ்டம் என்று தெரிந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் கஷ்டமாயிற்று.

விலாசினி ஒருநாள் விட்டு ஒருநாள் போனில் விளித்தாள். மருந்து தீர்ந்துபோயிற்று என்றாள். வண்டி ஒர்க்ஷாப்பில் என்றேன். வலி தாங்காமல் தலையணையைக் கடிக்கிறார் என்றாள். நாளைக்கு நிச்சயம் என்றேன். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகட்டுமா என்று ஒருமுறை கேட்டாள். போனால் அங்குள்ள டாக்டர் கார்டில் சங்கத்தின் பெயரைப் பார்த்துவிட்டு, தலைவர் என்று உங்களைக் கூப்பிடுவார்.

"ரோடு மோசமாக்கும். குலுக்கத்துல எலும்பு நொறுங்கிப்போவும். அனக்காண்டாம், அசைக்காம கிடக்கட்டும்," என்றேன்.

நான் சொன்னால் கேட்பாள். அவளுடைய கல்யாணத்தைப் பதிவு செய்ததே நான்தான், அந்த மரியாதை அவளுக்கு என்றும் உண்டு.

கடைசியாக விளித்தபோது அவள் அதிகம் பேசவில்லை. "நீங்களே கேளுங்க சாரே," என்று போனை அவர் வாயருகே வைத்தாள். கேட்டேன். அது அழுகை இல்லை, அழுகையாக இருந்தால் மனுஷச் சத்தமாக இருந்திருக்கும். போனில் ரேஞ்ச் இல்லை, ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். என் சத்தம் நடுங்கவில்லை. எழுதும்போது இந்த வரிக்குத்தான் எனக்கு அதிகம் வெட்கமாயிருக்கிறது.

மருந்தில்லாமல் பதினோரு நாள் கிடந்து செத்தார். முக்கில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள்.

நான் யாரையும் அழிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பெயரைச் சேர்க்காமல் விட்டேன். அதையும் பிறகு சேர்த்துவிட்டேன். அவர் செத்த ஐந்தாம் நாள் விலாசினி சங்கத்தின் காற்றுப்படுக்கையைத் திருப்பித்தர ஆட்டோவில் வந்தாள். பட்டியலில் இல்லாத ஆளிடமிருந்து படுக்கை வாங்க முடியாது. அவளை உட்காரச் சொல்லிவிட்டு, பொன்னப்பன் பெயரை, சேர்ந்த தேதியை, நர்ஸ் மூன்றுமுறை போய் மருந்து கொடுத்ததை அடித்தேன். தான் போகாத வீட்டுக்கு மூன்றுமுறை போனதாக எழுதியிருக்கிறதே என்று பிரசீதா உங்களிடம் கேட்டது அதைத்தான். அவள் கேட்டது சரி.

நான் அடித்து முடிக்கும்வரை விலாசினி எதிரில் இருந்தாள். படுக்கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, பழைய சேலையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

"நான் விளிச்சது போராதோ சாரே?" என்று கேட்டாள். "வேற யாருக்கும் மருந்து கிட்டாம போவல்லியே. எனக்கு சரியா சொல்லத் தெரியல்ல போல."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

"கொஞ்சம் கடுப்பமா, அழுத்தி சொல்லியிருக்கலாம் விலாசினி," என்றேன்.

"அப்பம் எனக்க தப்புதான்," என்றாள். படுக்கை வாங்கிக்கொண்ட ரசீதை நீட்டினேன், இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனாள்.

அதற்கு ஆமாம் என்று நான் சொல்லவில்லை சார். அதைமட்டும் கமிட்டி கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.