கறுத்த மெழுகு உருளை

மேலே பெயரும் கதவு எண்ணும் குறிக்கப்பட்ட நான், வயது அறுபத்தொன்று, தொழில் பல் செட்டு செய்தல், மனைவி காலமாகிவிட்டார், மணமாகாத என் அக்காவுடன் மேற்படி வீட்டின் மாடியில் வசித்து வருகிறேன். கீழே என் பட்டறை. யாரும் என்னை அடித்தோ மிரட்டியோ இதைச் சொல்ல வைக்கவில்லை, தேநீர்கூட வாங்கிக் கொடுத்தார்கள். நான் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதிக்கொள்கிறார்.

சேகரிப்பாளர்கள் ஊசி என்று அழைக்கும் ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக்கை போனோகிராப் புனலால் தோளில் அடித்தது நான்தான். மறுக்கவில்லை. சுருக்கமாகச் சொல்லும்படி ஆய்வாளர் இரண்டு முறை சொல்லிவிட்டார். சுருக்கினால் நான் வெறும் ரவுடி என்றுதான் எழுதிக்கொள்வீர்கள், ஆகையால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் என் தகப்பனார் வைத்திருந்த போனோகிராப் ஒன்று உண்டு. அது தட்டு சுற்றும் கிராமபோன் அல்ல, அதற்கும் மூத்தது. டம்ளர் அளவுள்ள மெழுகு உருளையை மாட்டிச் சாவி கொடுத்தால் உருளை சுழலும், சவுண்ட் பாக்ஸில் உள்ள முள் அதன் மேல் கீறிய வரியில் ஓடும், புனல் வழியாகச் சத்தம் வரும். நாமே பேசிப் பதியவும் செய்யலாம். உருளையை நாங்கள் சிலிண்டர் என்போம். சிலிண்டர் என்றதும் எழுத்தர் கேஸா என்று கேட்டார், அல்ல.

நான் கைக்குழந்தையாக இருந்தபோதே என் தாயார் காய்ச்சலில் இறந்துவிட்டார். அக்காவுக்கு அப்போது ஐந்து வயது. அம்மாவின் குரல் அக்காவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அம்மா இறப்பதற்கு முன்பு ஒரு நாள் அப்பா அவரைப் பேச வைத்து ஒரு உருளையில் பதிந்திருந்தார். பிறகு சவுண்ட் பாக்ஸ் உடைந்துபோனது. அப்பா இருந்தவரை பெட்டியை யாரையும் தொடவிடவில்லை, அவர் போன பிறகு எனக்குப் பிழைப்பைப் பார்க்கவே பொழுது சரியாக இருந்தது.

சென்ற வருடம் அக்காவின் இடது காது முழுவதும் கேட்காமல் போயிற்று. வலது காதும் இந்த வருடக் கடைசியைத் தாண்டாது, கருவி வைத்தும் பிரயோசனம் இல்லை என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார். வீட்டுக்குத் திரும்பும்போது பேருந்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி அக்கா உரக்கச் சொன்னார்: "இதுவும் போறதுக்குள்ள அம்மாவ ஒரு தடவ கேட்டுடணும்டா." அன்றிலிருந்து எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

அதன் பிறகு நான் சேகரிப்பாளர்களைத் தேடிப் போனேன். எங்கள் பெட்டியில் பெயர்ப் பலகை இல்லை. எந்த வருடத்துப் பெட்டி என்று தெரிந்தால்தான் எந்த சவுண்ட் பாக்ஸ் பொருந்தும் என்று சொல்ல முடியும் என்றார்கள். உள்ளூரில் ஊசி கிடைத்தார். வெளியூரிலிருந்து தொலைபேசி வழியாக டீச்சரம்மா என்று எல்லோரும் அழைக்கும் ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியை கிடைத்தார். இவர்கள் ஒரு பெட்டிக்கு வயது குறிக்கும் விதத்தைப் பார்த்தால் பிரேதப் பரிசோதனை செய்பவர்கள் தோற்றார்கள். திருகாணியின் தலை, அடித்தட்டில் குத்திய எண், பெட்டி விளிம்பில் உள்ள வண்ணக் கோட்டின் அகலம், சாவி நுழையும் துளையைச் சுற்றிப் பித்தளை வளையம் உண்டா இல்லையா என்று ஒவ்வொன்றையும் படம் எடுக்கச் சொன்னார்கள். டீச்சரம்மா ஒரு வருடம் சொல்வார், ஊசி சிரிப்பார், அதன் பிறகு திருகாணியை யாரோ பாதியில் மாற்றியிருப்பது தெரியவரும், மறுபடியும் முதலிலிருந்து. என்னை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் அப்படிச் சண்டை போட்டார்கள். இருந்தாலும் அவர்கள் எனக்காகப் பட்ட பாட்டை என் சொந்தக்காரன் எவனும் பட்டதில்லை.

கடைசியில் இருவரும் ஒத்துப்போனார்கள். ஆரம்ப காலத்து உருளைகள் மிருதுவான மெழுகு, அவற்றுக்கு லேசான சவுண்ட் பாக்ஸ் வேண்டும். பிற்காலத்து உருளைகள் கெட்டி, அவற்றுக்குக் கனமானது. எங்கள் பெட்டி கெட்டி உருளைகள் வந்த பிறகு செய்யப்பட்டது என்று முடிவாயிற்று. டீச்சரம்மா அன்றே தொலைபேசியில் சொன்னார்: "நான் பெட்டிக்குத்தான் வயசு சொன்னேன். சிலிண்டர நேர்ல பாக்காம வாயத் தொறக்க மாட்டேன். மக பிரசவம் முடியட்டும், வர்றேன். அதுவரைக்கும் ஓட்டாதீங்க."

அதை ஊசியிடம் சொன்னேன். "அந்தம்மா எதுக்கெடுத்தாலும் பூதக்கண்ணாடி தேடுவாங்க சார். கறுப்பா இருக்கு பாருங்க, கறுப்புன்னா கெட்டிதான். அக்கா காது அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்குமா?" என்றார். கடைசியாகச் சொன்னதில் நான் விழுந்துவிட்டேன்.

இந்த இடத்தில் ஒன்றைப் பதிய வேண்டும். நான் மெழுகில் கை வைத்துப் பிழைப்பவன். நகத்தால் லேசாக அழுத்தினாலே எந்த மெழுகு எவ்வளவு கெட்டி என்று சொல்லிவிடுவேன். ஆனால் உருளையின் மேல் விரல் படக்கூடாது, பட்டால் பூஞ்சை பிடிக்கும், இரண்டு விரலை உள்ளே விட்டு விரித்துத்தான் தூக்க வேண்டும் என்பது சேகரிப்பாளர்களின் சட்டம். நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டேன். அதைவிடக் கேவலம் இன்னொன்று. கெட்டி உருளையைத் தொழிற்சாலையில் வார்க்கத்தான் முடியும், வீட்டில் யாரும் அதில் பேசிப் பதிய முடியாது. இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அப்பா வீட்டில் பதிந்தார் என்பதும் தெரியும். திருகாணிக்கெல்லாம் வயது பார்த்த எங்களில் ஒருவருக்காவது இதையும் அதையும் சேர்த்துப் பார்க்கப் புத்தி போகவில்லை. அலுவலகங்களில் கடிதம் சொல்லிப் பதியும் உருளையும் கறுப்பாகத்தான் இருக்கும், தொட்டால் வெண்ணெய் என்று டீச்சரம்மா பிறகு சொன்னார். என் தகப்பனார் அலுவலக குமாஸ்தா.

சம்பவ தினம் காலையில் ஊசி தன் சேகரிப்பிலிருந்து ஒரு கனமான சவுண்ட் பாக்ஸைத் துணியில் பொதிந்து எடுத்து வந்தார். அக்கா தலைவாரி, விசேஷத்துக்கு உடுத்துவதை உடுத்தி, நாற்காலியை இழுத்துப் போட்டுப் புனலின் வாயில் வலது காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அம்மா வந்தால் நான் வணக்கம் சொல்ல வேண்டுமா என்று கேலி செய்தேன். "வாய மூடுடா, கேக்காது" என்றார்.

ஊசி முள்ளை இறக்கினார். முதலில் புனலில் பொரியும் சத்தம் வந்தது. அதன் பிறகு ஒரு பெண், "இதுலயா பேசணும்?" என்று கேட்டார். கொஞ்சம் கட்டைக் குரல். மெல்லிய குரலாக இருக்கும் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். அதன் பிறகு அவர் சிரிக்க ஆரம்பித்ததுபோல் இருந்தது, அந்தச் சிரிப்பு அப்படியே கரகரப்பாக மாறியது.

முள்ளின் பின்னால் பென்சில் சீவினால் வருவதுபோல ஒரு கறுத்த சுருள் எழுவதைப் பார்த்தேன். எனக்கு உடனே விளங்கிவிட்டது. முள்ளைத் தூக்கக் கையை நீட்டினேன். ஊசி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, நடுவுல தூக்காதீங்க சார், வரி கிழிஞ்சிடும். அழுக்குதான் வருது, ஓடி முடியட்டும்" என்றார். "விடுய்யா, செதுக்குதுய்யா, எங்கம்மாய்யா அது" என்று கத்தினேன். விடவில்லை. லிஃப்ட் கம்பி இழுத்த கை, என்னால் பிடுங்க முடியவில்லை. அவர் விட்டபோது முள் மறுமுனைக்குப் போய் நின்றிருந்தது. உருளை பளபளவென்று வழவழப்பாக இருந்தது.

அதன் பிறகு அக்காவின் காதிலிருந்து புனலைப் பிடுங்கி ஊசியை அடித்தேன். அவர் அலமாரியில் மோதி விழுந்தார், தோள்பட்டை எலும்பு முறிந்தது அப்போதுதான். கீழே கிடந்தபடியே, "அந்தத் தூளத் துடைச்சிடாதீங்க சார், பத்திரமா எடுத்து வைங்க" என்றார். மருத்துவச் சான்றிதழில் காயம் இரண்டு என்று இருக்கிறது. இரண்டாவது அதற்காக.

பிறகு நானே வாடகைக் கார் பிடித்து அவரை மருத்துவமனையில் சேர்த்தேன். வழியெல்லாம் அவர் அழுதார், வலியால் அல்ல. புகார் கொடுத்தது அவருடைய மருமகன். ஊசி என்னிடம், "கையப் பிடிச்சது நான்தான்னு எழுதச் சொல்லுங்க" என்றார், எழுதிக்கொள்ளவும். அன்று மாலை காவலர்கள் வந்து பெட்டி, புனல், உருளை, ஒரு உறையில் போட்ட மெழுகுச் சுருள்கள் ஆகியவற்றைக் கைப்பற்றினார்கள். சுருள்களை வைத்து ஏதாவது செய்ய முடியுமா என்று டீச்சரம்மாவிடம் கேட்டேன். எத்தனை சுருள், எவ்வளவு நீளம் என்று கேட்டுக்கொண்டார். பிறகு, "போனது போனதுதாங்க" என்றார்.

அக்காவுக்கு எதுவும் தெரியாது. கண்ணை மூடியிருந்ததால் சுருளைப் பார்க்கவில்லை, காது புனலுக்குள் இருந்ததால் நான் கத்தியது விளங்கவில்லை, ஊசி ஏதோ தகாத வார்த்தை சொன்னதால் நான் அடித்தேன் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். "எனக்குக் கரகரன்னுதான்டா கேட்டுச்சு. என் காது அவ்வளவுதான். நீ கேட்டியா, என்ன சொன்னாங்க?" என்றார். இதுலயா பேசணும் என்று கேட்டார்கள் என்றேன். அக்கா சிரித்து, "அப்படித்தான் கேப்பாங்க. அப்புறம்?" என்றார். அதிலிருந்து தினமும் சாப்பிடும்போது அப்புறம், அப்புறம் என்று கேட்கிறார். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, அதனால் என் தாயார் தினமும் சமையலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார். நேற்று அக்கா, "போலீஸ் பெட்டியக் குடுத்ததும் இன்னொரு தடவ போடுடா. இந்தத் தடவ காத நல்லா ஒட்டி வெச்சுக்கறேன்" என்றார்.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான். தண்டனை எதுவானாலும் ஏற்கிறேன், வழக்கு எவ்வளவு இழுத்தாலும் ஆட்சேபணை இல்லை. கைப்பற்றிய பொருட்களை இந்த வருடம் முடியும்வரை எங்களிடம் திருப்பித் தர வேண்டாம். அக்கா வந்து கேட்டாலும் தர வேண்டாம். அதற்குப் பிறகு தந்தால் போதும்.

இதில் உள்ளது அத்தனையும் நான் சொன்னது, உண்மை. எழுதியதை எழுத்தர் எனக்கு உரக்க வாசித்துக் காட்டினார். குரலைத் தாழ்த்தி வாசிக்கும்படி நான் கேட்கவில்லை. கதவு திறந்திருந்தது, அக்கா வெளியே பெஞ்சில் எங்களைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தார். வாசித்து முடித்ததும், "என்னடா சொன்னாங்க?" என்று என்னிடம் கேட்டார்.

(ஒப்பம்)