எட்டு மணிக்கே படுத்தவர்

இரவு ஒன்றேகால். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் மலைப்பாதை. மேலே போவது ஒரே ஒரு கார்... இறங்கி வர ஒரு வண்டிகூட இல்லை.

ஏற்காட்டிலுள்ள வீட்டுக்கு ஓட்டி வந்தவர் ஜாபெஸ். நம் தெரு ஆண்டனி ராஜின் அக்காள் வீட்டுக்காரர். ஒரு மில் முதலாளியின் சொந்த விமானத்துக்குக் கேப்டன். சந்தேகமிருந்தால் ஆண்டனியையே கேளுங்கள், நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. அந்தக் கதவை மட்டும் சாத்திவிட்டுக் கிட்டே வந்து உட்காருங்கள்.

அன்று விடியற்காலை ஐந்து மணிக்கு வேலைக்கு வந்த மனிதர். முதலாளியை மும்பையிலிருந்து கூட்டிக்கொண்டு சேலத்தில் இறங்கியபோது இரவு மணி எட்டு. அத்தோடு விட்டார்களா? முதலாளி கல்யாண ரிசப்ஷனுக்குப் போகிறார், நடு ராத்திரியில் கிளம்பினாலும் கிளம்புவார், இருங்கள் என்றார்கள். பன்னிரண்டரை வரை பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். கடைசியில் மும்பைக்குத் திரும்பும் பயணம் காலை ஆறரைக்கு என்று தள்ளிப்போனது.

விமானம் ஓட்டுகிறவர் வேலை முடிந்தால் பத்து மணி நேரமாவது ஓய்வெடுக்க வேண்டும். அது விதி. மேனேஜர் கோவிந்தராஜ் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்.

"சும்மா உக்காந்திருந்ததுதானுங்க கேப்டன்? அதுவும் ரெஸ்ட்டுதானுங்க. டூட்டி எட்டு மணிக்கே முடிஞ்சுதுன்னு போட்டுருங்க."

முடியாது என்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள். ஜாபெஸ் கையெழுத்துப் போட்டார். காகிதத்தில் அவர் எட்டு மணிக்கே படுத்துவிட்டார். உடம்புக்கு அது தெரியுமா? காலையில் முதலாளி குடும்பத்தில் ஆறு பேர், அதில் இரண்டு குழந்தைகள், இவரை நம்பி ஏறப் போகிறார்கள்.

ஏழாவது வளைவில் கண் சொருகியது. கண்ணாடியை இறக்கினார். குளிர் முகத்தில் அடித்தது. பன்னிரண்டாவது வளைவில் மறுபடியும்...

விமானத்தில் ஒருவர் களைத்துப்போனால், இனி நீங்கள் ஓட்டுங்கள் என்பதற்குப் பக்கத்தில் இருப்பவரிடம் "யூ ஹேவ் கன்ட்ரோல்" என்பார். அவர் "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று பதில் சொன்ன பிறகுதான் கையை எடுக்கலாம். பதினைந்து வருஷப் பழக்கம். பதினாலாவது வளைவில், தூக்கக் கலக்கத்தில், ஜாபெஸின் வாய் அதைச் சொல்லிவிட்டது.

இடப்பக்கத்துக் காலி சீட்டில்... 'கிளிக்'. சீட் பெல்ட் மாட்டும் சத்தம்.

அப்புறம் வாசனை. இஸ்திரிச் சூடு ஆறாத சட்டை. ஷேவிங் லோஷன். நன்றாகத் தூங்கி எழுந்து, குளித்துவிட்டு வந்த ஆளின் வாசனை.

"ஐ ஹேவ் கன்ட்ரோல்."

அலறியிருக்க வேண்டியவர்தான். ஆனால் ஜாபெஸுக்கு வந்தது என்ன தெரியுமா? நிம்மதி. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

கண் விழித்தால்... சொந்தக் கட்டில். உடம்பில் நேற்றைய சட்டை, காலில் ஷூ. மணி எட்டேமுக்கால்!

அடித்துப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார். வாசலில் கார் இல்லை. சத்தம் கேட்டுச் சமையலறையிலிருந்து வந்த மனைவி ஷீனா, கையிலிருந்த தட்டைக் கீழே போட்டாள்.

"ஏனுங்க... நீங்க நாலரைக்கே குளிச்சுட்டுக் கெளம்பிப் போயிட்டீங்களே! நாந்தானுங்களே காப்பி குடுத்தேன்? நொம்ப நாளைக்கப்பறம் இன்னிக்குத்தான் மொகம் தெளிவா இருக்குதுன்னுகூடச் சொன்னனே..."

ஜாபெஸ் போனைத் தேடி எடுத்தார். துணை பைலட் பிரபாகருக்குப் போன் போட்டார். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி போட்டார். மறுபடி. கூடத்துக்கும் வாசலுக்கும் நடையாய் நடந்தார். ஆறு பேர். இரண்டு குழந்தைகள். விமானம் தரையில் இருக்கிறதா, இல்லையா?

ஒன்பதேகாலுக்கு ரிங் போனது.

"ஹலோ, யாருங்க? கேப்டன் நம்பர்ல இருந்து எப்பிடிப் பேசறீங்க? இப்பத்தான் மும்பையில எறங்குனோம். அவரு எம்பக்கத்துலதான் நிக்கறாரு."

"பிரபாகர்... நாந்தாம்ப்பா ஜாபெஸ். ஏற்காட்டுல, ஊட்ல இருக்கறேன்."

அந்தப் பக்கம், போனுக்குச் சற்றுத் தள்ளி ஒரு குரல்... ஜாபெஸின் சொந்தக் குரல். துளிக் களைப்பில்லை.

"அவர எதுக்குப்பா எழுப்பறே? இனிமே தூங்கட்டும், வுடு."