அந்தப் பக்கம் பிடிச்ச ஆள்

சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சுக்கோங்க. அப்புறம் பாத்ரூம் போகத் துணைக்கு வான்னு என்னை எழுப்பக் கூடாது, சொல்லிட்டேன்.

சாயங்காலம் ஆறே முக்கால். ஆள் நடமாட்டமே இல்லாத ரோடு. என் ஃப்ரெண்டோட மச்சான் கார்ல வீட்டுக்குப் போயிட்டிருக்கார். இரும்புச் சட்டம் நிறுத்தி ஃபேக்டரி கட்டுற இன்ஜினியர். அப்போ ஒரு பழைய ஃபேக்டரியை ஒட்டி புது ஷெட் போட்டுக்கிட்டிருந்தாங்க. புது உத்தரத்தையெல்லாம் பழைய கட்டடத்துத் தூண்ல போல்ட் போட்டு மாட்டியாச்சு. மறுநாள் காலையில பதினோரு பேர் அது மேல ஏறி கூரைத் தகடு போடணும்.

போல்ட்டை முழுசா முறுக்கினதும் மஞ்சள் பெயிண்ட்ல ஒரு கோடு இழுப்பாங்க. கோடு இருந்தா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம். மச்சான் கீழ நின்னு அண்ணாந்து பார்த்தார். கோடு இருந்துச்சு. கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டார்.

வழியில ஃபோர்மேன் போன்.

"சார், கோடு போடத் தனியா மேல ஏறுறது பெரிய ரோதனை. போல்ட்டுக்கெல்லாம் தரையிலயே பெயிண்ட் அடிச்சு அனுப்பிட்டேன். நம்ம ஐடியா எப்படி?"

மச்சான் காரை ஓரங்கட்டினார். எது முறுக்கினது, எது முறுக்காததுன்னு யாருக்குத் தெரியும்? வெளிய சொன்னா வேலை போயிடும். சொல்லாம விட்டா பதினோரு உயிர் போயிடும். வண்டியைத் திருப்பிட்டார்.

அங்க ஒரு ஈ காக்கா இல்ல. ஈர சிமெண்ட் வாடை. காத்துல எங்கயோ ஒரு தகடு... கிர்ர்... கிர்ர். ஆளைத் தூக்குற லிஃப்ட் வண்டியில முப்பது அடி ஏறினார். முதல் நட்டைத் தொட்டார். விரல்லயே சுத்துச்சு.

முறுக்க ஆரம்பிச்சார். சரியான இறுக்கம் வந்ததும் அந்த ஸ்பேனர் சத்தம் போடும். டக். அடுத்தது... டக். வேர்த்துக் கொட்டுது, நிறுத்தல. ஒவ்வொண்ணு முடிஞ்சதும் பழக்க தோஷத்துல "விடு"ங்கிறார்.

பதினாறாவது போல்ட்ல கை அப்படியே நின்னுடுச்சு.

யாரை விடச் சொல்றோம்?

இது ரெண்டு பேர் வேலைங்க. இந்தப் பக்கம் ஒருத்தர் நட்டை முறுக்கும்போது, அந்தப் பக்கம் ஒருத்தர் போல்ட் தலையைப் பிடிச்சுக்கணும். இல்லன்னா போல்ட்டும் கூடவே சுத்தும். பதட்டத்துல இது அவருக்குத் தோணவே இல்ல. ஆனா ஒண்ணுகூட சுத்தலையே...

அந்தப் பக்கம் பழைய ஃபேக்டரி. மெஷினையெல்லாம் காலி பண்ணிப் பூட்டினது. ஏணி கிடையாது. தரை வரைக்கும் வெறும் இருட்டு.

"யா... யாருப்பா?"

சுவர்த் தகட்டுக்குப் பின்னாடி மூச்சு வாங்குற சத்தம் மட்டும். வேலை செஞ்சு களைச்ச ஆளோட மூச்சு.

குதிச்சு ஓடிடலாம் போல இருக்கு. இன்னும் எட்டு போல்ட் பாக்கி. காலையில பதினோரு பேர். பல்லைக் கடிச்சுக்கிட்டு... டக். "விடு." டக். "விடு." கடைசி போல்ட் டக்குன்னதும் வண்டியை இறக்கினார். பிடிச்சார் பாருங்க ஓட்டம்!

மறுநாள் பதினோரு பேரும் ஏறினாங்க, இறங்கினாங்க. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல. அப்புறம் மச்சான் சொல்லி, ஃபோர்மேன் பழைய பக்கத்தைத் திறந்து, லிஃப்ட்ல ஏறிப் பார்த்தான். மேலேருந்து கத்துறான்.

"சார், கடைசி போல்ட்ல ஒரு ஸ்பேனர் மாட்டியிருக்கு! துருப்பிடிச்ச பழசு. எவ்வளவு இழுத்தாலும் வரமாட்டேங்குது சார்!"

கீழ நின்ன மச்சானுக்கு அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. ஓடுற அவசரத்துல அந்த ஒரு போல்ட்டுக்கு மட்டும் அவர் சொல்லவே இல்ல.

அண்ணாந்து பார்த்து, மெதுவா, "விடுப்பா"ன்னார்.

ஸ்பேனர் ஃபோர்மேன் கையோட வந்துடுச்சு. பிடி கதகதன்னு இருந்துச்சாம்.