வெறும் வயித்து ரத்தம்

எங்க அத்தைக்கு என்னத்தக் குடுத்துக் கொழுப்ப இம்புட்டுக் கொறச்சேன்னா கேக்குறீங்க டாக்டரம்மா? அதச் சொல்ல ஆரம்பிச்சா வெளிய டோக்கன் வாங்கி உக்காந்திருக்கவுக பூராம் என்னைய வைவாக. சரி, கேட்டுட்டீங்க, சொல்றேன். இருங்க, கதவச் சாத்திக்கிறேன். அவுக வெளிய பெஞ்சுலதான் இருக்காக. முட்டி வலிக்கும், கண்ணு மங்கும், காது மட்டும் அவுகளுக்கு நல்லாக் கேக்கும்.

மூணு மாசத்துக்கு முன்னாடி பூ மார்க்கெட்டு மண்டபத்துல நீங்க கேம்ப்பு போட்டு எடுத்த ரத்தந்தானே அது? ஆமா, அத்தை பேரு, சுந்தரம்மாள்னு போட்டிருக்கு பாருங்க. ரிப்போர்ட்டு வந்தன்னைக்கு இதே ரூம்புல நீங்கதான சொன்னீங்க. சுகரு இப்ப சரியாத்தான் இருக்கு, ஆனா ட்ரைகிளிசரைடு ஏறிக் கெடக்கு, நல்ல கொழுப்பு எறங்கிக் கெடக்கு, அத இதால வகுத்துப் பாத்தா சுகரு வாசப்படி வரைக்கும் வந்து நிக்கிற மாதிரி தெரியுது, இப்பவே உசாரா இருக்கணும்னு. எங்க வீட்டுக்காரரு தலையில கைய வச்சு உக்காந்துட்டாரு. எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. சுகரப் பாருங்கன்னா கொழுப்ப வச்சு ஜோசியம் சொல்றாகளேன்னு. தப்பா எடுத்துக்கிறாதீங்க, அப்ப எனக்கு வெளங்கல.

அன்னையிலருந்து பாக்கணுமே எங்க வீட்டுக் கூத்த! அத்தைக்கு அரிசிச்சோறு கட்டு. சாமையும் வரகும் மூட்டையா வந்து எறங்குச்சு. காலைல வெந்தயத்தண்ணி, பொறவு மொளகட்டுன பயறு, மதியத்துக்கு ஒரு கரண்டி சாமைச்சோத்துக்கு மூணு வெஞ்சனம். மூணும் வானத்துலருந்து விழுகுமா, இந்தக் கைதான். பூக்கடைய விட்டா வேற தெச தெரியாத மனுசன், அவுக அம்மாவக் கூட்டிக்கிட்டு மலைக்கோட்டையடில தெனம் நடக்கிறாரு. எனக்கு மாலை போட்ட நாள்லருந்து ஒரு தடவ அங்கிட்டுக் கூட்டிட்டுப் போனதில்ல. நானும் வரட்டான்னு கேட்டேன். நீயும் வந்துட்டா பயற யாரு வேக வைப்பான்னாரு. நாயந்தானே?

விசாரிக்க வந்த சனம் இருக்கே, அது தனிக்கத. சுகரு வரப்போகுதுன்னு கேள்விப்பட்டு லட்டோட வர்றாக! நாத்தனா பழனிக்குப் போயிட்டு டப்பா டப்பாவா பஞ்சாமிர்தம் கொண்டாந்தா. அத்தை தொடக்கூடாது, மகன் மொறைப்பாரு. சாமி பிரசாதத்தத் தூரவா போட முடியும்? ஏ மணிமேகலை, ஒனக்கென்ன கேடு, நீ தின்னுன்னாக. தின்னேன். பழைய அரிசி மூட்டை ஒண்ணு கெடந்துச்சு, அதும் புழுத்துப் போகக்கூடாதுல்ல. மூணு மாசமா அந்தச் சோறு பூராம் என் வயித்துக்குள்ளதான் போச்சு. குப்பைத்தொட்டிக்கு வாயி இருந்தா அதுகூட வேணாம்னு சொல்லியிருக்கும்.

இப்ப நீங்க எல்லாம் நார்மலுன்னதும் வெளிய கச்சேரி கேக்குதா? எம்புள்ள நடக்க வச்சே கொறச்சுட்டான்னு அத்தை பெஞ்சு பூராம் சொல்லிக்கிட்டிருக்காக.

என்னது? அடுத்த கேம்ப்புல அத்தைய மேடையேத்தி, எப்புடிக் கொறச்சாகன்னு பேச வைக்கப் போறீங்களா? அய்யய்யோ, அந்தக் காரியம் மட்டும் பண்ணிறாதீங்க.

ஏன்னா, அந்தக் கேம்ப்புக்கு வெறும் வயித்தோட வரச் சொன்னீங்கள்ல. எங்க அத்தை காப்பி குடிக்காம கண்ணு முழிக்க மாட்டாக. அன்னைக்குக் காப்பியும் ஆச்சு, நாலு இட்லியும் ஆச்சு, மண்டபத்துக்குள்ள நொழஞ்ச பொறவுதான் நெனப்பு வந்துச்சு. மகன்காரரு பூ ஏலத்துல நிக்காரு, தெரிஞ்சா சத்தம் போடுவாரு. சுந்தரம்மாள்னு கூப்பிட்டாக. ஏ புள்ள, ஒரே சட்டிச் சோறுதான நாம திங்கிறது, ரத்தம் மட்டும் வேறயாவா இருக்கும், போயிக் கைய நீட்டுன்னு என்னையத் தள்ளி விட்டாக. கூட்டமான கூட்டத்துல ஊசி போட்ட பொண்ணு மூஞ்சிய எங்கிட்டுப் பாத்துச்சு?

ஆமா டாக்டரம்மா. அது என் ரத்தம். இப்ப வந்திருக்கதுதான் அத்தையது. இந்தத் தடவ லேப்பு ஆளு வெள்ளன வீட்டுக்கே வந்துட்டான்ல, காப்பிக்கு முன்னாடி. அவுகளுக்கு அப்பயும் ஒண்ணுமில்ல, இப்பயும் ஒண்ணுமில்ல.

சொல்லாமயா இருந்தேன்? வாயத் தொறந்தேன், அத்தை ஒரு பார்வ பாத்தாக. பொறவு தனியாக் கேட்டேன், அத்தை, அது என் ரத்தமாச்சேன்னு. ஒட்டடைக் குச்சியாட்டம் இருந்துக்கிட்டு ஒனக்கா சுகருன்னு சிரிச்சாக. நானும் ஒல்லியா இருக்கவுகளுக்கு வராது போலன்னு கம்முன்னு இருந்துட்டேன். இப்ப ஒரு மாசமா மாடிப்படி ஏறுனா மயங்கிக்கிட்டு வருது. பயமா இருக்கு டாக்டரம்மா. அதான் இன்னைக்கு ரிப்போர்ட்ட நானே கொண்டாறேன்னு வந்தேன்.

இந்தாங்க கை. இந்தத் தடவ மணிமேகலைன்னே எழுதிக்கங்க.

வெறும் வயிறான்னா கேக்குறீங்க? மணி பதினொண்ணு கூட ஆகலையே டாக்டரம்மா, எங்க வீட்ல எல்லாரும் சாப்ட்டு முடிச்சு எனக்குத் தட்டு வர இன்னும் நேரமிருக்கு.