மஞ்ச சட்டை

— ஊசியெல்லாம் வேணாம் எஸ்.ஐ. மேடம். எம்புள்ள உசுரோட இருக்கான். எவன் புள்ள பல்லுக்கோ என் ரத்தம் எதுக்கு?

— ஈஸ்வரியம்மா, கொஞ்சம் கேளுங்க. உங்க பையன் பரிதி காணாமப் போனது பத்தொம்பது வருசத்துக்கு முந்தி, புரட்டாசியில. மூணாம் நாளு ஆத்துக்குக் கீழ ஒரு மதகுல நாலு வயசுப் புள்ள ஒண்ணு ஒதுங்கியிருக்கு. யாரும் கேட்டு வரலைன்னு பொதைச்சிட்டாங்க. பல்லு மட்டும் எடுத்து வச்சிருக்காங்க. உங்க ரத்தத்தோட அது ஒத்துப்போகுதான்னு பாக்கணும்.

— அப்பவே உங்க ஸ்டேசன்லேருந்து வந்து கேட்டாங்களே. அந்தப் புள்ள போட்டிருந்தது செவப்புக் கட்டம் போட்ட சட்டை. எம்புள்ளைக்கு மஞ்ச சட்டை. நாந்தான் போட்டுவிட்டுட்டு நடவுக்குப் போனேன்.

— அது ஒண்ணுதாம்மா பொருந்தல.

— அந்த ஒண்ணு போதும். எங்க வீட்டுக்காரரு போய்ப் பாத்துட்டு வந்துடறேன்னு கெளம்புனாரு. மஞ்ச சட்டைன்னு தலதலயா அடிச்சுக்கிறேன், அங்க எதுக்குப் போறீங்கன்னு மறிச்சேன். அப்பறம் திருப்பூரு, பழனின்னு போட்டோவ வச்சுக்கிட்டு அலைஞ்சாரு மனுசன். சாவுற வரைக்கும் அலைஞ்சாரு. பரிதிக்கு இப்ப இருபத்திமூணு மேடம். எங்கயாவது வேலவெட்டி பாத்துக்கிட்டு இருப்பான். இல்ல அம்சம்?

— மேடம், மோரு குடிக்கிறீங்களா?

— மோரு கெடக்கட்டும், கேட்டதுக்குச் சொல்லேன். மேடம், இவ எங்க வீட்டுக்காரரு தங்கச்சி. அன்னிக்குப் புள்ளய இவகிட்டதான் விட்டுட்டுப் போனேன்.

— அண்ணி... மேடம், நான் ஒண்ணு சொல்லணும்.

— சொல்லுங்க அம்சம். பயப்படாதீங்க.

— நாத்தங்கால்ல எறங்கி சட்டையெல்லாம் சேறாக்கிட்டான் மேடம். கழட்டி அலசிப் போட்டேன். எம்மவன் சட்டை ஒண்ண மாட்டிவிட்டேன். செவப்புக் கட்டம். சோறு வடிக்க உள்ள போனேன், அவ்வளவுதான், திரும்பி வந்தா புள்ளயக் காணும். போலீசு வந்து கேட்டப்ப நாக்கு எழல. அண்ணன் என்னைய வெட்டிப் போட்டுடும்னு பயம். அப்பறம் ரெண்டு பேரும் தேடத் தேட, எந்த வாயால சொல்லுவேன்? அண்ணி, மண்ண வாரித் தூத்துங்க, சாபம் விடுங்க, எதையாவது சொல்லுங்க!

— அந்த மஞ்ச சட்டை இப்ப எங்கங்க?

— தெரியல மேடம். பொழுது சாய பாத்தேன், கொடியில இல்ல. காத்துல ஆத்தோட போயிருச்சுன்னு நெனச்சேன்.

— அழாத அம்சம். கட்டிலுக்கு அடியில தகரப்பெட்டி இருக்கு பாரு. இழுத்து மேடத்துக்கிட்ட குடு.

— அதுல என்ன அண்ணி?

— சட்டைதான். ஸ்டேசன்ல மஞ்ச சட்டைன்னு எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்கு வாரேன், கொடியில அது ஈரமாத் தொங்குது. அவரு கண்ணுல பட்டா இவள வெட்டிப்புடுவாருன்னு நாந்தான் எடுத்து ஒளிச்சு வச்சேன்.

— அப்ப வேற சட்டையில போனான்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?

— எந்தச் சட்டைன்னு மூணாம் நாளுதான் தெரிஞ்சுது மேடம். செவப்புக் கட்டம்னு அவங்க வாயில வந்த ஒடனே தெரிஞ்சுது. முந்தின தீபாவளிக்கு இவ மவனுக்கு அதை எடுத்துக் குடுத்தவளே நாந்தானே.