படு என்று கத்தினான், பாட்டு சத்தமாக இருந்தது

"படு! ஏலே, படு! படுங்க எல்லாரும்!"

முருகேசன் கத்துகிறான். யாருக்கும் கேட்கவில்லை. ஸ்பீக்கர் பெட்டியில் சமாதானப் பாட்டு ஓடுகிறது. பொட்டல் மைதானம். நடுவில் நானும் அவனும். எங்கள் தோளில் கம்பு. கம்பில் பருப்பு அண்டா. எனக்கு முன்னால் அவன் வலது கை, கம்பை இறுக்கிப் பிடித்திருக்கிறது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீளத் தழும்பு. சின்ன வயதில் கருவேலம் வெட்டப்போன இடத்தில் பட்டது.

மேலே சீட்டிச் சத்தம். சீட்டி நீளமாகக் கேட்டால் குண்டு தாண்டிப் போகும். குட்டையாகக் கேட்டால் நமக்குத்தான். குட்டையாகக் கேட்டது.

இது கார்ட்டூம். சூடான் நாட்டின் தலைநகரம். நான் செல்வராசு, பாளையம்பட்டிக்காரன். கல்யாண வீடுகளில் சமைத்துக்கொண்டிருந்தவன். அங்கே ஒரு துணி ஆலையின் மெஸ்ஸுக்குச் சமையல் மாஸ்டராகப் போனேன். முருகேசன் அதே ஆலையில் தறி பிட்டர், தறிகளைப் பழுது பார்க்கிறவன். திருச்சுழிக்குத் தெற்கே அவன் கிராமம். அங்கே அவன் அம்மா இருளாயி இருக்கிறாள். மகன் செத்ததை அவள் நம்பவில்லை. உடம்பும் வரவில்லை, ஒரு படமும் வரவில்லை. என் போனைத் துப்பாக்கிக்காரன் பிடுங்கிக்கொண்டான். அவளுக்குக் காட்ட அப்போது என்னிடம் என்ன இருந்தது? இதை நான் சொல்வது அவளுக்காக.

சண்டை தொடங்கியது ஒரு சனிக்கிழமை காலை. நோன்பு மாதம். ஊரே அலறி ஓடுகிறது. நாங்கள் இருவரும் தூங்குகிறோம். அருப்புக்கோட்டைப் பக்கத்து ஆட்களுக்குத் தறிச் சத்தம் தாலாட்டு. டடக் டடக் டடக். மெஷின் கன்னும் அப்படியேதான் அடித்தது. ஒன்பது மணி வாக்கில் சத்தம் நின்றது. நின்றதும்தான் முருகேசன் எழுந்தான்.

"என்னலே, கரண்ட் போயிருச்சா?" என்று கேட்டான்.

ஜன்னலைத் திறந்தோம். எதிர் வீட்டுக்கு மாடி இல்லை.

சண்டை போட்டது இரண்டு தளபதிகள். நேற்று வரை ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். இருவருக்கும் நாற்காலி வேண்டும். அதற்கு ஊரைக் கொளுத்தினார்கள். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துத் தேர்தலில் மண்டையை உடைத்துக்கொள்கிறவர்களுக்குக்கூட இதைவிட வெட்கம் உண்டு. ஆலை முதலாளி முதல் நாளே காரில் போய்விட்டார். எங்களைக் கூட்டிப்போகக் கப்பல் வருகிறது, துறைமுகத்துக்கு வாருங்கள் என்று தகவல் வந்தது. துறைமுகம் அருப்புக்கோட்டையிலிருந்து சென்னையையும் தாண்டுகிற தூரம். டீசல் கிடையாது. நடந்தா போக முடியும்?

ஆலை வாசலில் டீ விற்கிற பெண் ஹவ்வா. நல்ல உயரம். யாருக்கும் பயப்படாத வாய். அவள்தான் தெருவில் முதல் அடுப்பை மூட்டினாள். யாரிடமும் கேட்கவில்லை. மெஸ் கிட்டங்கியில் மைசூர் பருப்பு மூட்டைகள் கிடந்தன. பூட்டை முருகேசன் உடைத்தான். மெஸ்ஸில் நான் சமைக்கிற கல்யாணச் சைஸ் அண்டா வந்தது. தெருவே சாப்பிட்டது. உப்பு தீர்ந்துபோனது. உப்பில்லாமலே சாப்பிட்டது.

அடுப்பு ஒரே இடத்தில் இருக்கக் கூடாது என்பது ஹவ்வாவின் சட்டம். இன்றைக்கு ஒரு சந்து, நாளைக்கு ஒரு சந்து. எங்கே என்று ஜனங்களுக்கு எப்படித் தெரியும்? ஆலைச் சாயத்தை எடுத்துச் சுவரில் ஒரு பானை வரைவாள், கெண்டி மாதிரி மூக்கு வைத்து. பானையின் மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அந்தப் பக்கம் சோறு. விதவிதமாக வரைந்தாள். ஒரு நாள் பானைக்கு மீசை வைத்தாள். எதிரே வீடு எரிகிறது, நாங்கள் மீசைப் பானையைப் பார்த்துச் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன்.

பிள்ளைகள் சும்மா இருக்காது. பந்து கொடுத்தால் மதிலுக்கு மேலே போகும், எடுக்க ஏறுகிறவன் தலை போகும். முருகேசன் கபடி சொல்லிக்கொடுத்தான். சந்துக்குள்ளேயே ஆடலாம். அதில் அவனாக ஒரு விதி சேர்த்தான். பாடிக்கொண்டே இருப்பான், திடீரென்று "படு!" என்பான். கடைசியாகத் தரையில் விழுகிறவன் அவுட்டு. பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை அதுதான். குண்டு வரும்போதும் அதே வார்த்தை. விளையாட்டு என்று நினைத்தே விழுந்தார்கள். எத்தனை முறை அப்படிப் பிழைத்தார்கள் என்று நான் எண்ணவில்லை.

பருப்பு குறைந்தது. அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். மூன்று நாள் சண்டை நிறுத்தம் என்று ரேடியோ சொன்னது, உடனே வந்துவிட்டார்கள். பளபளவென்று ஒரு வண்டி. மேல்சட்டையில் ஒரு தொண்டு நிறுவனத்தின் முத்திரை. கலை, விளையாட்டு, சமையல் மூலம் உலகம் முழுக்க மனிதநேயப் பணியாம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். மாவு மூட்டை தருவோம் என்றார்கள். அதற்கு முன் ஒரு நிகழ்ச்சி வேண்டும். மைதானத்தில் அடுப்பு. பின்னால் பேனர். பிள்ளைகளுக்குப் புது ஜெர்சி, கால்பந்து. கூடவே பாட்டு.

மைதானம் வேண்டாம் என்று ஹவ்வா கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டாள். சந்தில் வெளிச்சம் போதாது, படம் கறுப்பாக விழும் என்றார்கள் அவர்கள். கடைசியில் சரி என்றாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். மறுநாள் அண்டாவில் போட ஒன்றும் இல்லை.

பாட்டைக் குறைக்கச் சொன்னது முருகேசன். கையால் காதைப் பொத்திக் காட்டினான். வானத்தைக் காட்டினான். அவர்களில் ஒருவன் சிரித்துக்கொண்டு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். சத்தத்தைக் கூட்டினான்.

அந்த மைதானத்துக்கே திரும்புகிறேன். சீட்டி குட்டையாகக் கேட்கிறது. முருகேசன் கத்துகிறான். அவனைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் விழுந்தார்கள். பிழைத்தார்கள். கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். அண்டாவைப் போட்டுவிட்டு நான் விழுந்தேன். அவன் கம்பைக் கையில் பிடித்தபடியே நின்றவர்களை நோக்கி ஓடினான், கம்பால் தட்டியாவது படுக்க வைக்க. ஒரு சத்தம். சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. காதுக்குள் மண்ணைக் கொட்டியது போல இருந்தது. எழுந்தபோது பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வண்டிக்கு ஒரு கீறல் இல்லை. அதில் வந்தவர்களுக்கும் இல்லை. மாவு மூட்டையைப் பற்றி நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. போய்விட்டார்கள்.

ஆலை மதிலோரம் வேப்பமரம் நின்றது. அங்கே வைத்து முருகேசனைப் புதைத்தோம். அவன் பழுது பார்த்த தறியில் நெய்த துணியிலேயே சுற்றினோம். அதற்கப்புறம்தான் ஒரு லாரி கிடைத்தது. ஹவ்வா வர மறுத்தாள். அடுப்பை யார் பார்ப்பது என்று கேட்டாள்.

ஊருக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். மதுரையில் ஒரு ஏசி மண்டபத்தில் கூட்டம், வரச்சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். அதே முத்திரை. மேடையில் எழுதியிருந்தார்கள்: சமையல் காயங்களை ஆற்றும். எந்தக் காயத்தை, எத்தனை கரண்டியில் என்று எழுதவில்லை. கார்ட்டூமில் வைத்த பருப்பை விருந்தினருக்கு வைத்துத் தரவேண்டுமாம். அவர்கள் முகத்தில் விழிக்க எனக்கு ஆசையில்லை. அன்றைய படம் அவர்களிடம் இருக்கிறது. அதற்காகப் போனேன். பருப்பை உப்பில்லாமல் வைத்தேன். ஒருவர்கூட உப்பில்லை என்று சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ருசித்தார்கள். கை தட்டினார்கள்.

படத்தைச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். பேனர் முழுசாக இருந்தது. ஜெர்சிப் பிள்ளைகள் பாதி. ஓரத்தில் ஒரு கம்பு, அதைப் பிடித்த ஒரு கை. முழங்கை வரை. அதற்குமேல் வெட்டியிருந்தார்கள்.

"இதுல ஆளைக் காணோமே" என்றேன்.

"முழுசா வச்சா பேனர் சிறுசாத் தெரியும்ணே. வெட்டுனதுதான் இருக்கு" என்றாள் அங்கே நின்ற பெண்.

அருப்புக்கோட்டை வந்து, திருச்சுழி பஸ் ஏறினேன். வழியெல்லாம் படத்தை மடியில் கவிழ்த்து வைத்திருந்தேன். எதைக் காட்டுவது? எதற்குப் போகிறேன்? எனக்கே என் மேல் வெறுப்பாக இருந்தது.

இருளாயி அம்மா படத்தை வாங்கினாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். பேனரைப் பார்க்கவில்லை. விரலை ஓரத்துக்குக் கொண்டுபோய் அந்தத் தழும்பைத் தடவினாள்.

"கருவேல வெட்டுல பட்டதுப்பா. நான்தான் மஞ்சள் வச்சுக் கட்டுனேன். எம்மகன் கைதான்" என்றாள். கொஞ்சம் கழித்து, "கம்ப விடல பாரு" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

அங்கே போனதன் கணக்கைச் சொல்கிறேன். அண்டா ஒன்று. ஹவ்வா வரைந்த பானைகள் அத்தனையும். அந்தத் தெருவில் இப்போது சுவர் இல்லையாம். ஹவ்வாவின் போன் அடிப்பதில்லை. அவளைச் செத்தவர்களோடு சேர்க்க மாட்டேன், காணாதவள் என்று வையுங்கள். பிள்ளைகள்: இத்ரீஸ், அமல், அமலின் தம்பி சாலிஹ். மூவரும் புது ஜெர்சியில் இருந்தார்கள். பெரியவர்களில் முருகேசன். அவனில் ஊர் திரும்பியது ஒரு கை, படத்தில், முழங்கை வரை.