அக்கா கொடுத்தனுப்பிய மாம்பழம்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஞாயிறு மதியம். அல்சூரிலிருந்து ஈஜிபுரா போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் நடுத்தர வயதில் ஓர் அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தை முடித்துவிட்டுத் திரும்புகிறார்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“நம்ம அப்பா மாதிரி பொய் சொல்ற ஆளை எங்கயும் பாக்க முடியாது,” என்றார் அக்கா.

“கன்னடக்காரங்க கேட்டா சொந்த ஊரு கோலார்ம்பாரு. நம்ம ஆளுங்க கேட்டா வேலூர்ம்பாரு.”

“பொறந்தது இதே அல்சூர்ல.”

இருவரும் சிரித்தார்கள். பிறகு தம்பி சொன்னார்: “நாம பேசாம இருந்தோமே, அப்போ அப்பாகிட்ட மாம்பழம் குடுத்தனுப்பினியே அக்கா, ரொம்ப நல்லா இருந்துச்சு.”

“நான் எங்கடா குடுத்தேன்? நீதான் எனக்கு மைசூர்பாக்கு குடுத்தனுப்பினே.”

“நானா? அப்போ இருந்த கோவத்துல உன் பேரையே எடுக்க மாட்டேன்.”

“அக்கா எப்படி இருக்குன்னு தினம் கேக்கறான்னு சொன்னாரே?”

“நீ கேக்கறேன்னு என்கிட்டயும் சொன்னாரு. அதை நம்பித்தான் தீபாவளிக்கு உன் வீட்டு வாசல்ல வந்து நின்னேன்.”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைக்கும்போதே சிரிப்பும் வந்துவிட்டது.

“தொம்லூர்,” என்று கண்டக்டர் குரல் கொடுத்தார்.

“உன் ஸ்டாப்டா, இறங்கு.”

“இன்னிக்கு உன் வீட்டுக்கே வரேன்.”

“வீட்ல ஒண்ணும் ஆக்கலடா.”

“இப்போ ஆக்கு. நான் வெங்காயம் உரிச்சுத் தரேன்.”